முந்திக்கொண்ட உச்சிக்குழி

குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மண்டையோட்டின் தையல்கள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்வதைப் பற்றி எழுதுங்கள், உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம் என்றார்கள். அனுபவம் அதிகம் என்றால் வயது அதிகம் என்று பொருள். அதை இவ்வளவு நாசூக்காகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் துறையில் இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கத்தி பிடித்தவள் இல்லை. குழந்தை வைத்தியம் பார்த்தவள். கண்டுபிடிப்பதும், அனுப்பி வைப்பதும், திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. நடுவில் நடக்கும் பெரிய காரியத்தை யாரோ ஒருவர் செய்து பெயர் வாங்கிக்கொள்வார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, கொஞ்சம்தான்.

இப்போது நீங்கள் குழந்தை வாசற்படி ஏறும்போதே ஸ்கேனுக்கு எழுதிவிடுகிறீர்கள். குழந்தையின் தலையை நீங்கள் முதன்முதலில் பார்ப்பதே கம்ப்யூட்டர் திரையில்தானோ என்று எனக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களிடம் அந்த இயந்திரம் இருந்திருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். இல்லாத காரணத்தால் தலையைத் தொட்டுப் பார்த்தோம்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு உத்திரமேரூரில் வேலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, ஊரில் உள்ள அத்தனை குழந்தைகளும் இருமிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மல்லிகா, தாய். கதவோரம் நின்றவர் ஏகாம்பரம், தகப்பனார். ஏரிப் பாசனத்தில் பயிர் வைப்பவர். வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்க வைக்கிற ஆள். பேச்சு முழுவதையும் அவருக்கும் சேர்த்துப் பேசியவள் அவருடைய அக்கா தனகோட்டி. கணவர் தவறிய பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். அவள்தான் தம்பியை வளர்த்தாள். இப்போது தம்பி பிள்ளையையும் வளர்க்கிறாள்.

"சளிதாம்மா, வேற ஒண்ணும் இல்ல. கொயந்த கெட்டி. அஞ்சாம் மாசம்தான் நடக்குது, அதுக்குள்ள உச்சிக்குயி மூடிக்கினு போச்சு. தொட்டுப் பாரு நீயே" என்றாள்.

உச்சிக்குழி என்று அவள் சொன்னது பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் அந்தப் பள்ளத்தை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தினமும் அதில் விளக்கெண்ணெய் வைத்துத் தட்டுவார்கள். அது சீக்கிரம் மூடினால் குழந்தை திடமானது என்று கணக்கு. யார் கைபட்டு மூடியதோ அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். தனகோட்டிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. குளிப்பாட்டித் தலையைப் பிடித்துவிட அக்கம்பக்கத்துக் குழந்தைகளை எல்லாம் அவளிடம் கொண்டுவருவார்கள். இப்போது சொந்தத் தம்பி மகனுக்கே ஊரில் யாருக்கும் மூடாத வேகத்தில் மூட வைத்திருக்கிறாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை, பரீட்சை முடிவு வந்த அன்று உங்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

தொட்டுப் பார்த்தேன். உச்சியில் குழியே இல்லை. அதற்குப் பதிலாக நெற்றிக்கு மேலிருந்து பின்மண்டைவரை, நடுவகிடு எடுக்கும் இடத்தில், மாங்கொட்டை விளிம்பு மாதிரி ஒரு மேடு ஓடியது. பக்கவாட்டில் தலை குறுகி, முன்னும் பின்னும் நீண்டிருந்தது. அடர்த்தியான சுருட்டை முடி அதையெல்லாம் அழகாக மறைத்துக்கொண்டிருந்தது.

"ராஜா மாரி நீட்டுத் தலை, இல்லம்மா?" என்றாள் தனகோட்டி.

நான் சளிக்கு மருந்து எழுதினேன். அப்புறம் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். ரவி என்று பெயர். என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வீட்டாருக்குச் சொல்லுகிற பாஷையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பு இல்லை. பலகை பலகையாக இருக்கும், நடுவில் தையல்போல இடைவெளி விட்டிருக்கும். மூளை வளர வளரப் பலகைகள் விலகி இடம் கொடுக்கும். ஒரு தையல் முன்கூட்டியே இறுகிவிட்டால் அந்தத் திசையில் தலை விரிய முடியாது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் இருந்தால் முன்னாலும் பின்னாலும்தானே தாழ்வாரம் இறக்குவோம்? ரவியின் தலை அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஆனால் உச்சிக்குழி மூடிவிட்டது என்பதற்காக எல்லாக் குழந்தையையும் அறுவை சிகிச்சைக்கு அனுப்பக் கூடாது. மூளையே வளராமல் நின்றுபோன குழந்தைக்கும் தையல்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும், விரிக்கச் சொல்லி உள்ளேயிருந்து யாரும் தள்ளாததால். அந்தக் குழந்தையின் மண்டையைத் திறந்து ஒரு பயனும் இல்லை. எது முதலில் நின்றது, மூளையா எலும்பா? கேள்வி அவ்வளவுதான். தவறாகப் பதில் சொன்னால், ஒன்று ஒரு குழந்தையை வீணாக அறுப்பீர்கள், அல்லது அறுக்க வேண்டிய குழந்தையை வீட்டுக்கு அனுப்புவீர்கள்.

சென்னையில் எனக்குப் பாடம் எடுத்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. அவரிடம் கேட்கத் தபால் ஆபீசுக்குப் போய் ட்ரங்க் கால் போட்டேன். அந்தக் காலத்து ட்ரங்க் கால் என்றால் கத்தினால்தான் சென்னைக்குக் கேட்கும். பாதி வழி தொலைபேசி கொண்டுபோகும், மீதி வழி உங்கள் தொண்டைதான் கொண்டுபோக வேண்டும்.

"தலை சின்னதா?" என்றார்.

"சின்னது இல்ல சார், நீளம்" என்று கத்தினேன். தபால் தலை வாங்க நின்றவர்கள் திரும்பினார்கள்.

"உன்னைப் பார்த்துச் சிரிக்கிறானா?"

"சார்?"

"சிரிக்கிறானாம்மா? சத்தம் வந்தால் திரும்புகிறானா, கையில் கொடுத்ததைப் பிடிக்கிறானா?"

"சிரிக்கிறான் சார். என் கண்ணாடியப் பிடிச்சு இழுத்தான்."

"அப்போ மூளை அதன் வேலையைச் செய்கிறது. எலும்புதான் வழி மறிக்கிறது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு கூட்டிவா. மண்டையைத் திறக்க வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொல்லிவிடு."

"மண்டையத் திறக்கணுமா சார்?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கத்தினேன்.

சிரிப்பை மட்டும் வைத்து அவர் முடிவெடுத்தார் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். அளவு நாடாவும் எக்ஸ்ரேயும் எல்லாம் பிறகு வந்தன. ஆனால் படம் வருவதற்கு முன்பே எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அளவெடுக்கச் சொல்லும் முன் குழந்தையைப் பற்றிக் கேட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஏகாம்பரத்தின் குழந்தை மண்டையை இரண்டாகப் பிளக்க டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள் என்று. மறுநாள் சுற்றுவட்டாரத்தில் தலை உள்ள குழந்தைகள் அனைத்தும் என் அறை வாசலில் இருந்தன. எல்லாத் தாய்மாருக்கும் தங்கள் பிள்ளையின் தலையில் ஏதோ கோணல் தெரிந்தது.

அதில் ஒன்றுக்கு உண்மையிலேயே கோணல்தான். பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஆனால் உச்சிக்குழி திறந்து மெத்தென்று இருந்தது, மேடு எங்கும் இல்லை. தூளி எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டேன். உள் அறையில், வெளிச்சம் ஒரே பக்கத்துக் கதவு வழியாக வருமாம். குழந்தை நாள் முழுக்க வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறது. தலையை எதிர்ப்பக்கம் வரும்படி மாற்றிப் போடச் சொன்னேன்.

"மருந்து?" என்றாள் அந்தத் தாய்.

"இதுதான் மருந்து."

"ஒரு ஊசியாச்சும் போடும்மா. இவ்ளோ தூரம் வந்துக்கீறோம்."

வைத்தியம் பார்க்காமல் விடுவதற்கு வைத்தியம் பார்ப்பதைவிட நெஞ்சுத் துணிச்சல் வேண்டும். அந்தக் குழந்தையின் தலை தானாகச் சரியாயிற்று. எனக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

ரவியின் விஷயத்துக்கு வருகிறேன். செய்தி கேட்டு மல்லிகாவின் அண்ணன் வரதன் வந்தார். உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. நெல் மூட்டையைப் பூக்கூடை மாதிரி தூக்குவார். என் அறை வராந்தாவில் எல்லார் முன்னாலும் தனகோட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இந்தம்மா போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கித்தான் எலும்பு ஒட்டிக்கிச்சு. உச்சிக்குயி மூடிக்கிச்சு, மூடிக்கிச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சுது. இப்ப இன்னா ஆச்சு பாரு."

தனகோட்டி ஒரு சண்டையில் வாய்மூடி நின்றதை ஊர் அன்றுதான் பார்த்தது. நான் உள்ளே போய் எக்ஸ்ரேயை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தேன். இது யார் கையாலும் வந்தது இல்லை, எண்ணெயாலும் இல்லை, வயிற்றில் இருக்கும்போதே எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் தலையாட்டியவள் தனகோட்டி. வரதன் ஆட்டவில்லை. தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மல்லிகாவையும் ஏகாம்பரத்தையும் நானே சென்னைக்கு அழைத்துப் போனேன். நிபுணர் குழந்தையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறைக்காமல் பேசினார். அப்படியே விட்டால் தலை இன்னும் நீளும். சில குழந்தைகளுக்கு உள்ளே அழுத்தம் ஏறிக் கண்ணைக்கூடத் தொடும், எல்லாருக்கும் அப்படி ஆகாது. செய்தால் ஒட்டிய எலும்பை ஒரு பட்டையாக எடுக்க வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம், அதில் கொஞ்சம் போனாலும் ஆபத்து. மல்லிகா யாரையும் திரும்பிப் பார்க்காமல், "செஞ்சிடுங்க" என்றாள். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் கொடுத்தார். அதை விட்டால் அவர் நீண்ட விடுப்பில் போகிறார், திரும்ப வருவது பங்குனியில். அதற்குள் எலும்பு கெட்டிப்பட்டுவிடும், காரியம் பெரிதாகிவிடும். அன்றைக்கு மண்டையைத் திறந்து உயிரோடு மூடத் தெரிந்த கைகள் மிகச் சில.

"முடி முழுக்க எடுக்கணும்" என்றார் கடைசியாக, சாதாரணமாக.

அப்போதுதான் ஏகாம்பரம் வாயைத் திறந்தார். கொட்டாவி இல்லை.

"மொத முடி பழையசீவரம் பெருமாளுக்கு. அது போவாம தலையில கத்தி படக்கூடாது."

சரி, அங்கே மொட்டை போட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவிருந்தேன். நிபுணர் முந்திக்கொண்டார். கோயிலில் போடுகிற மொட்டையில் ஒரு கீறல் விழுந்தாலும் சீழ் பிடிக்கும், அந்தத் தலையை நான் திறக்க மாட்டேன், முடி இங்கேதான், அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும் என்றார். போதாததற்கு, முதல் முடி எடுக்கும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தாய்மாமனோ, தனகோட்டி இருக்கும் இடத்தில் கால் வைக்க மாட்டேன், அந்த வீட்டுச் சாமிக்கு மடி தர மாட்டேன் என்கிறார். மடி இல்லாவிட்டால் முடி இல்லை, முடி போகாவிட்டால் ஏகாம்பரம் கையெழுத்து இல்லை. பாடப் புத்தகத்தில் இந்தச் சிக்கலுக்கு அத்தியாயம் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். பிள்ளைக்குக் கண் போய்விடும் என்று ஏகாம்பரத்திடம் அடித்துச் சொல்லுங்கள், தானாகக் கையெழுத்துப் போடுவார் என்று. போட்டுத்தான் இருப்பார். ஆனால் பயமுறுத்தி வாங்கிய கையெழுத்தோடு போன குழந்தை மேஜையில் தவறிவிட்டால் அந்தப் பழி பெருமாள் பெயரில் எழுதப்படும். அதற்கப்புறம் அந்தத் தாலுக்காவில் ஒரு குழந்தையும் எங்களிடம் வராது. அதோடு, அவர் கேட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று எனக்குப் பட்டது. உயிரையே கையில் கொடுக்கப் போகிறவர், முடி யாருக்கு என்று கேட்கக் கூடாதா?

ரைஸ் மில்லுக்குப் போனேன். தவிட்டுத் தூசிக்கு நடுவில் வரதன் நின்றிருந்தார்.

"கொயந்த பொறந்தது யார் வீட்ல?" என்றேன். அவர் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் வூட்லதான். தலைப் பிரசவம் ஆச்சே."

"முதல்ல குளிப்பாட்டினது?"

"என் சம்சாரம்."

களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். முதல் நாள் குளிப்பாட்டும்போது தலை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அப்பவே நடுவுல மேடாத்தான் கீது. பொறந்த புள்ளைக்கு அப்பிடித்தான் இருக்கும், போவப் போவ அமுங்கிப்பூடும்னு வுட்டுட்டேன்" என்றாள்.

வரதன் மனைவியைப் பார்த்தார். பழியை ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், அதை இறக்கி வைக்க அடுத்த இடம் தேடுவது முகத்திலேயே தெரிந்தது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா பாக்கற?" என்றாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவங்களும் இல்ல, அவங்களும் இல்ல. தனகோட்டியக்கா கை படறதுக்கு முன்னாலயே ஒட்டியிருக்கு. உங்களுக்குத் திட்ட ஆள் வேணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா மடி குடுங்க" என்றேன்.

நெடுநேரம் மில் இயந்திரத்தின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"தரேன். ஆனா நானா போயி நிக்க மாட்டேன். அந்தம்மா வந்து கேக்கட்டும்."

ஆண்களின் மானத்துக்கு எப்போதும் இப்படி ஒரு கடைசிப் படி இருக்கும். நான் ஏகாம்பரத்தின் ஊருக்குப் போய்த் தனகோட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவாள், கேட்க மாட்டேன் என்பாள் என்று அதற்குப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கொடியில் கிடந்த சேலையை எடுத்து மாற்றிக்கொண்டு, "வா போலாம்" என்றாள். போகும் வழியில் வயலில் நின்ற தம்பியிடம், "பெருமாளு மலைமேலருந்து பாத்துக்கினுதான கீறாரு, எங்க எடுத்தா இன்னா? முடி அவருகிட்ட போயி சேரணும், அவ்ளோதான்" என்று சொல்லி அந்தச் சிக்கலையும் முடித்தாள். வளர்த்த அக்கா சொன்னதும் ஏகாம்பரம் மறுபடி மௌன விரதத்துக்குப் போனார்.

மில் களத்தில் பெண்கள் காலால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தனகோட்டி நேராகப் போய் நடுக்களத்தில் நின்றாள்.

"வரதா, கொயந்தைக்கு மடி வேணும். குடு."

அவர் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் எங்கே போயினவோ. "வெயில்ல நிக்காத அக்கா, உள்ள வந்து உக்காரு. டீ சொல்றேன்" என்றார்.

சென்னைக்குப் போகிற வழியில் பழையசீவரத்தில் இறங்கி, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வேண்டிக்கொண்டு, மறு பஸ் ஏறினார்கள். அறுவை சிகிச்சை நாள் காலையில் வார்டு வராந்தாவில் வரதன் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் ரவி. ஆஸ்பத்திரி நாவிதர் கத்தியைத் தீட்டினார். இது என்ன கோயிலா என்று வார்டு சிஸ்டர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே நிபுணரும் வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். எல்லாரையும் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து குழந்தையின் தாடையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "மெதுவா எடுங்க, ஒரு கீறல் விழக் கூடாது" என்றார் நாவிதரிடம்.

விழுந்த முடியைத் தனகோட்டி மஞ்சள் துணியை விரித்து ஏந்திக்கொண்டாள். சுருள் ஒன்று குழந்தையின் காதோரம் ஒட்டியிருந்தது. அதை எடுக்கக் கை நீட்டியவள், பாதியில் இழுத்துக்கொண்டு மல்லிகாவை எடுக்கச் சொன்னாள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் பெரிதாக நினைக்கவில்லை. முடி போனதும் அந்த மேடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மொட்டைக்குச் சந்தனம் பூச வேண்டும் என்று ஏகாம்பரம் முனகினார். நிபுணர் முடியாது என்றார். சிஸ்டர் வந்து மஞ்சள் மருந்தைத் தடவியபோது, "சந்தனம் மாரிதான் கீது, போதும் நைனா" என்று தம்பியை அடக்கினாள் தனகோட்டி.

ரத்தம் கொடுக்க வரதன் முன்வந்தார். சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊசி உள்ளே போனதும் மயங்கிச் சாய்ந்தார். மூட்டை தூக்குகிற ஆளைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதல் காரியமாக, "அந்தம்மா பாத்துச்சா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். எதிர் பெஞ்சில்தான் தனகோட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்க மதியம் ஆயிற்று. நிபுணர் மல்லிகாவிடம் போய்க் குழந்தை நன்றாக இருக்கிறான் என்று சொன்னார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒட்டிய எலும்பை எடுத்துவிட்டாராம். பக்கங்களிலும் வெட்டி விட்டால் தலை இன்னும் உருண்டையாக வரும் என்று திட்டம் வைத்திருந்தார். பாதியில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போனது, நாடி தளர்ந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அதோடு நிபுணர் மூடிவிட்டார்.

"அழகாக முடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆசை எனக்குத்தான், அவனுக்கு இல்லை" என்றார்.

நான் பார்த்த எத்தனையோ திறமைசாலிகளில், கை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. உங்களில் கத்தி எடுக்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கத்தி எடுக்காதவர்கள் இனி நான் சொல்வதை வையுங்கள், அது என் பங்கு.

வரதனும் ஏகாம்பரமும் ஒன்றாகப் பழையசீவரம் மலை ஏறி முடியைச் சேர்த்துவிட்டு வந்தார்கள். மல்லிகா புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். தை முடிந்து ஒரு நாள் ரவியை என்னிடம் கொண்டுவந்தாள். முடி வெல்வெட் மாதிரி வளர்ந்திருந்தது. தலை அகலித்திருந்தது. கொஞ்சம் நீட்டுத்தான், ராஜா என்று சொல்லிக்கொள்ளப் போதுமான அளவு. எலும்பு எடுத்த இடத்தில் விரலை வைத்தேன். நெற்றியிலிருந்து பின்மண்டைவரை நீளமாக, மெத்தென்று, துடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தும்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் கீதும்மா. அக்காதான் சரியில்ல" என்றாள் மல்லிகா. "கொயந்தைய குளிப்பாட்டக் கூப்ட்டா வேலை கீதுன்னு போயிடறாங்க. தூக்கறதுகூட இல்ல. ஊரு கொயந்தைங்களக் கொண்டாந்தா வேற யாரையாச்சும் பாருன்னு அனுப்பிடறாங்க."

தனகோட்டி வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட்டேன். மல்லிகாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, உங்க கையால ஒட்டலன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னியேம்மா."

"அப்புறம்?"

"நீ நல்லவ. எல்லாரும் எதிர்ல நிக்கசொல்லோ அப்படித்தான சொல்லுவே."

வராந்தாவில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து நான் கொடுத்த விளக்கம் அவ்வளவு தூரம்தான் போயிருந்தது. ஊரார் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். மில் களத்தில் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போய் நின்றாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதல் நாள் குளிப்பாட்டியபோதே மேடு இருந்ததாக வரதன் மனைவி சொன்னதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. உங்கள் கைபட்ட மற்ற குழந்தைகளுக்கு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். அதற்கு யோசித்தாள். நான் அவள் வலது கையைப் பிடித்து ரவியின் உச்சியில் வைத்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்து தலையோடு படிந்தன.

"துடிக்குதும்மா" என்றாள்.

"துடிக்கும்."

உள்ளங்கையால் முன்னும் பின்னும் மெல்லத் தடவினாள். ரவி அவள் மூக்குத்தியைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் அழுதுகொண்டே அவனிடம் சொன்னாள், என்னிடம் இல்லை:

"இந்த வாட்டி நான் அவசரப்படுத்த மாட்டேண்டா கண்ணு. அது பாட்டுக்கு மெதுவா மூடட்டும்."

நான் மறுபடியும் சொன்னேன், உங்கள் கையால் இல்லை என்று. அவள் தலையாட்டினாள். வராந்தாவில் அன்றைக்கு முதலில் ஆட்டிய அதே தலை. இந்த முறை நான் அதை நம்பவில்லை. அடுத்த மாதம் திரும்ப வரச் சொன்னேன்.

"கொயந்தையத்தான் நல்லாக் கீதுன்னுட்டியே, அப்புறம் எதுக்கு?"

"கொயந்தைய மல்லிகா கொண்டுவரட்டும். நான் வரச் சொன்னது உங்கள."

"எனக்கு இன்னா நோவு?" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"வாங்க, சொல்றேன்" என்றேன்.